வெள்ளிக்கிழமை வரை ஓடினால் போதும்

நான் எலக்ட்ரானிக்ஸ் டிகிரி. பத்து பெரண்டாம் என்கிற ஊரில் ஒரு பேக்டரியின் டெஸ்ட் ரூமில் வேலை. ஒரு சாமானுக்குள் கரண்ட் ஒழுங்காகப் போகிறதா வருகிறதா என்று அளந்து பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்ட நான் என் சொந்தக் காரில் ஆல்டர்னேட்டர் செத்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்கக் கிட்டத்தட்ட ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். கண்டுபிடித்த பிறகு அதை மூடி மறைத்தேன். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பின்னால் அவ்வளவு சிரிப்பு வராது.

டுரியான் துங்காலைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், எங்கள் வீடு. என் கூடப்பிறந்த அக்காவுக்குக் குழந்தை பிறந்ததும் அப்பாவும் அம்மாவும் ஜொகூருக்குப் போய்விட்டார்கள். ஆறு மாதம் என்று சொல்லிப் போனார்கள், இரண்டு வருஷம் ஆகிறது. மூன்று அறை வீட்டில் நான் ஒருவன். ரைஸ் குக்கர் ‘டிக்’ என்று நிற்கிற சத்தம்தான் அந்த வீட்டில் எனக்குக் கிடைக்கிற பதில். டெஸ்ட் ரூமும் அதே கதைதான். மூன்று மெஷின், ஒரு கண்ணாடி ஜன்னல், ஊட்டி மாதிரி ஏர்கோன். சரியான சாமான் என்றால் ஒரு பீப், கெட்ட சாமான் என்றால் இரண்டு பீப். இதைப் பேச்சு என்று வைத்துக்கொண்டால் நான் நிறையவே பேசுகிறேன்.

ஆக, ஒரு மனிதக் குரலோடு நான் பேசியது காரில்தான். போக அரை மணி, வர அரை மணி.

கூட வருகிறவரைப் பேக்டரி முழுக்க ‘அக்கா’ என்றுதான் கூப்பிடும். உண்மையில் என் அம்மாவைவிட நாலைந்து வயதுதான் சின்னவர். தோட்டத்து லயத்தில் வீடு, பேக்கிங் லைனில் பதினைந்து வருஷம். காலை ஆறேகாலுக்குத் தோட்டத்து மண்சாலை பெரிய ரோட்டில் வந்து சேரும் சிம்பாங்கில் நிற்பார். கையில் எப்போதும் இரண்டு பொட்டலம். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

“பசியாறுனியா?”

“ஆச்சுக்கா.”

“பொய். வாயப் பாத்தாலே தெரியுது. இந்தா, இட்லி. சிக்னல்ல நிக்கும்போது தின்னு. ஓட்டிக்கிட்டே தின்னு செத்துகித்துப் போயிராத, எனக்கு வேற காடி இல்ல.”

இதுதான் தினமும். பிறகு அவருடைய மகன் கோலாலம்பூரிலிருந்து போன் பண்ணாதது, லைன் லீடர் பெண்ணின் மூஞ்சி, பக்கத்து வீட்டுச் சேவல் என்று போகும். நான் கிண்டல் பண்ணுவேன், அவர் திட்டுவார். அந்தத் திட்டுக்காகவே நான் ஆறு மணிக்கு எழுந்தேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஆயுத பூஜை அன்றைக்கு அம்மா வீடியோ காலில் வந்தார். நான் போர்ச்சில் கார் முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தேன். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது, கண்ணாடிக்குப் பட்டை போட்டாகிவிட்டது.

“ஸ்டேரிங்ல வை. மீட்டர்ல வச்சியா?”

“மீட்டர்லயுமாம்மா?”

“மீட்டர்தானடா காடிக்கு நெத்தி? நல்லா தெரியற மாதிரி பெருசா வை. அப்புறம் தொடைக்காத, தானா உதிரணும்.”

வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், மீட்டர் கண்ணாடியின் மேல், கெட்டியாகச் சந்தனம் குழைத்து ஐம்பது காசு அளவுக்கு ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். அம்மா போனுக்குள்ளிருந்தே கும்பிட்டார். ஜொகூரில் என் அக்காவின் குழந்தை அழுதது, லைனை வைத்துவிட்டார். நான் ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு காரைப் பின்னால் எடுத்தேன். கைதட்ட ஆள் இல்லை.

அதற்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து ஆரம்பித்தது. முதலில் ரேடியோவில் இருந்த கடிகாரம் ஒரு நாள் காலை பன்னிரண்டு என்று காட்டியது. சரி செய்தேன். மறுநாளும் பன்னிரண்டு. பிறகு பவர் விண்டோ மேலே ஏறும்போது, மாடியேறும் கிழவர் மாதிரி பாதியில் நின்று யோசித்தது. சிக்னலில் நிற்கும்போது முன் விளக்கு மங்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் பளிச்சென்று ஆகும். ரேடியோவை நிறுத்தினாலும் ஸ்பீக்கரிலிருந்து கொசு மாதிரி ஓர் ஊளை. வேகம் கூடினால் அதுவும் கூடும்.

இவ்வளவையும் வரிசையாக எழுதும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது! அன்றைக்கு நான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் வைத்திருந்தேன். ரேடியோ பழசு. விண்டோவுக்கு எண்ணெய் போட வேண்டும். லைட்டு மலிவுச் சாமான். ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் கார் கிளம்பவே இல்லை. பேட்டரி கோங், அதாவது காலி. உடனே புதுப் பேட்டரி வாங்கிப் போட்டேன். கார் கும்மென்று கிளம்பியது. நானே நோய் கண்டுபிடித்து, நானே மருந்து கொடுத்த பெருமை ஐந்து நாள் நீடித்தது. ஆறாம் நாள் கடிகாரம் மறுபடியும் பன்னிரண்டு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பேட்டரியின் பெரிய வேலை காரைக் கிளப்பிவிடுவது. கிளம்பிய பிறகு லைட்டு, வைப்பர், ஏர்கோன் எல்லாவற்றுக்கும் கரண்ட் தருவதும், பேட்டரிக்குத் திருப்பி ஊட்டுவதும் ஆல்டர்னேட்டர். அது ஊட்டுவதை நிறுத்திவிட்டால் கார் உடனே நிற்காது. பேட்டரியில் இருப்பதைத் தின்றுகொண்டே ஓடும். ஓடுகிறதே என்று நாமும் நம்பிக்கொண்டிருப்போம்.

அந்த வாரம் திங்கட்கிழமை பேக்டரி நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். தாமான்களுக்குப் போகும் பேக்டரி வேன் அடுத்த வாரத்திலிருந்து எங்கள் பக்கத் தோட்டத்துக்கும் வரும். வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பேர் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மூன்று மாதத்துக்குச் சீட் உறுதி. கொடுக்காதவர்கள் அடுத்த மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் திரும்பி வரும்போது காரில் அக்காவே பேச்சை எடுத்தார்.

“வேன் வருதாம்லா.”

“பாத்தேன். பேரு குடுக்கப் போறீங்களா?” முடிந்த அளவு அலட்சியமாகக் கேட்டேன்.

“எதுக்கு? அந்த வேன்ல ஏறுனா தாமான் தாமானா சுத்துவான். ஓங் காடி இருக்குல்ல.” கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். “ஆனா ஒன்னு தம்பி. எனக்கு ஏற்கெனவே ரெண்டு லேட்டு. மூணாவது வந்துச்சுன்னா லெட்டர் குடுத்துருவாங்க. இந்த வயசுல லெட்டர் வாங்கிட்டு நான் எங்க போயி நிக்கறது? காடி கன்போமா ஓடும்தானே?”

“கன்போம்க்கா.”

பதில் அவ்வளவு வேகமாக வந்தது. அவர் சந்தோஷமாகச் சேவல் கதைக்குப் போனார்.

அந்தக் ‘கன்போம்’ உறுத்தியது. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டெஸ்ட் ரூம் மீட்டரை எடுத்துக்கொண்டு கார் பார்க்குக்குப் போனேன். பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தேன். இன்ஜின் நிற்கும்போது பன்னிரண்டு வோல்ட் சொச்சம். ஓடும்போது பதினாலு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை, இன்னும் கொஞ்சம் இறங்கியது. வெயிலில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். என் டெஸ்ட் ரூமில் இது இரண்டு பீப்.

பாச்சாங்கில் கார் வயரிங் பார்க்கும் போர்மேன் ஒருவன் இருக்கிறான். மெக்கானிக்கை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தமிழ்ப்பள்ளியில் என்னோடு ஒரே வகுப்பு. போன் போட்டேன்.

“ஆல்டர்னேட்டர்டா மச்சான்,” என்றான் எடுத்த எடுப்பில். “மீட்டர்ல பேட்டரி லைட்டு எரியுமே, செவப்பா?”

“எரியல.”

“எரியணுமேடா. சரி, கழட்டிப் பாத்தாதான் தெரியும். சாமான் கிடைக்கணும். ரெண்டு நாளு வுட்டுட்டுப் போ.”

இரண்டு நாள். புதன், வியாழன். அந்த இரண்டு நாளும் அக்கா வேறு எப்படியாவது வேலைக்குப் போக வேண்டும். அப்புறம் வெள்ளிக்கிழமை பேர் கொடுக்காமல் இருப்பாரா?

“அடுத்த வாரம் கொண்டு வரேன்,” என்றேன்.

“அதுவரைக்கும் ஓடாது.”

“ஓட வைக்கிறேன்.”

“ஆமா, நீ இன்ஜினியர். தள்ளிக்கிட்டே போ,” என்று வைத்துவிட்டான்.

ஓட வைத்தேன். படித்த புத்தியை இதற்காவது பயன்படுத்த வேண்டுமில்லையா? பேட்டரி சார்ஜர் ஒன்று வாங்கினேன். ஹால் ஜன்னல் வழியாக வயர் இழுத்து, ராத்திரி முழுக்கப் பேட்டரியைச் சார்ஜில் போட்டேன். போக அரை மணி, வர அரை மணி. எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டேன். லைட்டு மட்டும் எரிந்தால் போதும், ஏர்கோன் கூடாது, ரேடியோ கூடாது. அது கார் இல்லை, நாலு சக்கரம் வைத்த ஹேன்ட்போன். வெள்ளிக்கிழமை வரை ஓடினால் போதும். அதன்பிறகு மூன்று மாதத்துக்கு அக்கா எங்கேயும் போக முடியாது.

புதன்கிழமை காலை அக்கா ஏறியதும் கேட்டார்.

“என்னா தம்பி, ஏர்கோன் போடல?”

“ஜன்னலத் தொறந்துக்குங்கக்கா. காத்தோட்டம் ஒடம்புக்கு நல்லது.”

“எங் கொண்டையப் பாருடா! வேலைக்குப் போறனா, பேயோட்டப் போறனா?”

சிரித்தேன். காற்று இரைச்சலில் அவர் பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. அவர் பேச்சுக்காகத்தான் இத்தனையும், அந்தப் பேச்சே காதில் விழவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் இடி இறங்கி எங்கள் தாமானில் கரண்ட் போனது. எட்டு மணி வாக்கில் வந்திருக்க வேண்டும். நான் அதற்குள் சோபாவிலேயே தூங்கிவிட்டேன். அந்தச் சார்ஜர், கரண்ட் திரும்பினால் தானாகத் தொடங்கும் ரகம் இல்லை. பட்டனை அமுக்க வேண்டும். காலையில் பார்த்தால் அது ஒரு விளக்கும் எரியாமல் பானட்டுக்கு அடியில் கிடந்தது.

சாவியைத் திருப்பினேன். கிளம்பியது. கிளம்பிவிட்டது என்பது போதுமானதாக இருந்தது. நான் அக்காவுக்குப் போன் பண்ணி, “இன்னிக்கு வேற ஏற்பாடு பண்ணிக்குங்க,” என்று சொல்லியிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. சொல்லவில்லை.

சிம்பாங்கில் அக்கா ஏறினார். மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் போட வேண்டியதாயிற்று. ஜன்னலை மூடினோம். மூடியதும் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்து ரோடு தெரியவில்லை.

“ஏர்கோனப் போடுடா, ஒன்னுமே தெரியல!”

போட்டேன். வேறு வழியில்லை. மழை என்பதால் வண்டிகள் ஊர்ந்தன. வைப்பர் மெதுவானது. லைட்டு வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது. பத்து பெரண்டாமுக்கு முந்தைய சிக்னலில் இன்ஜின் இரண்டு தடவை இருமியது, பிறகு நின்றுவிட்டது. பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன். நான் சாவியைத் திருப்பினேன். டிக். இன்னொரு தடவை. டிக்.

மணி ஆறு நாற்பத்து மூன்று. ஏழுக்கு அக்கா கைரேகை வைக்க வேண்டும்.

“என்னா ஆச்சு?”

“பேட்டரி கோங்குக்கா.”

“எப்பிடிலா கோங்கு ஆவும்? அதான் லைட்டு எரியுதே.”

“எந்த லைட்டு?”

“சாமி லைட்டு.”

அவர் கைகாட்டியது மீட்டரில் இருந்த பொட்டை. எனக்குச் சந்தனமும் குங்குமமும்தான் தெரிந்தன. அவர் பக்கம் சாய்ந்து, அவர் தலை இருந்த இடத்தில் என் தலையை வைத்துப் பார்த்தேன். பொட்டு கண்ணாடிக்கு மேலே இருந்தது. விளக்கு கண்ணாடிக்கு உள்ளே ஒரு விரல்கடை தள்ளி இருந்தது. நேரே உட்கார்ந்த எனக்குப் பொட்டு அதை முழுசாக மறைத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவருக்குப் பொட்டின் ஓரத்தில், பேட்டரிப் படம் போட்ட அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு தெரிந்திருக்கிறது.

“இது எத்தன நாளா எரியுது?”

“பல நாளா எரியுதே. பொட்டுக்குப் பின்னால லைட்டு வச்சிருக்கன்னு நெனச்சேன். தெனமும் ஏறுனதும் அதத்தானடா தொட்டுக் கும்புட்டேன்?”

கும்பிட்டிருக்கிறார். தினமும் ஏறியதும் கையை நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அம்மா வைக்கச் சொன்ன பொட்டைத்தான் கும்பிடுகிறார் என்று நானும் நினைத்திருந்தேன். நகத்தால் பொட்டைச் சுரண்டினேன். சந்தனம் தூளாக உதிர்ந்தது. விளக்கு, பேட்டரியின் கடைசிச் சொட்டில், மங்கலாக என்னைப் பார்த்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

“லைட்டு ஒனக்குத் தெரியாது, சரி. காடி கெட்டுப்போனது தெரியுமா?”

பொய் சொல்ல இடம் இருந்தது. ஏனோ வரவில்லை. “செவ்வாக்கெழமையிலேர்ந்து தெரியும்க்கா.”

“எனக்கு ரெண்டு லேட்டுன்னு சொன்னேன்ல?”

“சொன்னீங்க.”

“சொன்னது ஞாபகம் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

அவர் பையை எடுத்தார், தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டார், கதவைத் திறந்தார். நாலைந்து வண்டிக்குப் பின்னால், வேறு தாமானிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு எங்கள் பேக்டரி வேன் ஒன்று வந்துகொண்டிருந்தது. மழையில் நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். வேன் நின்றது. ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. சீட்டில் என் பொட்டலம் மட்டும் கிடந்தது.

ஏழுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவர் கைரேகை வைத்துவிட்டார். அது எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

ஒரு மலாய்க்காரர் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி வந்து காரை ஓரத்துக்குத் தள்ள உதவினார். பாச்சாங்கிலிருந்து அந்தப் போர்மேன் மழைக்கோட்டோடு, மோட்டார் கூடையில் ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு வந்தான். மாட்டிவிட்டு, “பின்னாலயே வா, லைட்டு கீட்டு போடாத,” என்றான்.

கடையில் ஆல்டர்னேட்டரைக் கழற்றினான். உள்ளிருந்து கட்டை விரல் நகத்தைவிடச் சின்னதாக இரண்டு கரித்துண்டுகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

“கார்பன் பிரஷ். தேஞ்சு போச்சு. வேற ஒன்னும் இல்ல.”

“எவ்ளோ நேரம் ஆகும்?”

“அரை மணி.”

“ரெண்டு நாளுன்னு சொன்னியேடா!”

“கழட்டிப் பாத்தாதான் தெரியும்னும் சொன்னேன். அது ஒங்காதுல வுழலயா?” என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தான். “ஏண்டா, என்னா அவசரம்? யார ஏத்திக்கிட்டுச் சுத்துற? கேர்ள்பிரண்டா?”

“போடா.”

“சொல்லுடா.”

“கூட வேல செய்யற அக்காடா. அம்மா வயசு.”

அவன் கிண்டல் பண்ணத் தயாராக வாயைத் திறந்தான். என்ன கண்டானோ, மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தான். அரை மணி கூட ஆகவில்லை. மீட்டர் வைத்தான். பதினாலு வோல்ட், ஆடாமல் அசையாமல்.

வெள்ளிக்கிழமை காலை சிம்பாங்கில் அக்கா இல்லை. போன் எடுக்கவில்லை. பேக்டரியில் பேக்கிங் லைன் பக்கம் இரண்டு தடவை காரணமில்லாமல் நடந்தேன். அவர் தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை ஆறேகாலுக்கு அவர் சிம்பாங்கில் நின்றார். பக்கத்தில் தோட்டத்துப் பெண்கள் மூன்று பேர். நான் ஓரமாக நிறுத்தி ஜன்னலை இறக்கினேன். ஒரே வீச்சில் இறங்கியது.

“ஏறுங்கக்கா. செஞ்சாச்சு.”

அவர் கிட்டே வந்தார். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“பேரு குடுத்துட்டேன்லா தம்பி. மூணு மாசம்.”

“மன்னிச்சிருங்க.”

“எதுக்கு மறைச்ச? காடி கெட்டுப்போச்சு, ரெண்டு நாளு செய்யணும்னு சொல்லியிருந்தா ஏதாச்சும் பண்ணி நானே போயிட்டு வந்திருப்பேன். பேரு குடுத்திருக்கவே மாட்டேன்.”

பின்னால் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நான் ஸ்டேரிங்கைப் பார்த்துச் சொன்னேன். “தனியா ஓட்டிக்கிட்டுப் போக நல்லா இல்லக்கா.”

இதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆனது. மொத்தம் நாலைந்து வார்த்தை.

அக்கா குனிந்து, ஜன்னலில் கை வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். “வேன்ல எடம் காலியாத்தான் கெடக்கு. டிரைவர் அண்ணன் நல்ல மனுசன். நான் சொன்னா ஏத்திக்குவாரு. காடிய வீட்டுலயே வச்சிட்டு நீயும் வாயேன்.”

அந்த வேனில் என்னை மாதிரி டிகிரிக்காரன் யாரும் ஏறுவதில்லை. லைன் ஆட்கள்தான் போவார்கள். நான் போய் ஏறினால் அன்றைக்கே ஆபீஸ் வரைக்கும் செய்தி போகும். இதெல்லாம் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. வாய் அதற்கும் முன்னால் ஓடியது.

“எனக்குத்தான் காடி இருக்கேக்கா.”

“ஆமாலா,” என்றார். “இருக்கு.” கையை எடுத்துக்கொண்டார்.

வேன் வந்தது. நாலு பேரும் ஏறினார்கள். உள்ளே யாரோ எதையோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அக்காவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. கதவு இழுபட்டுச் சாத்திக்கொண்டது.

நான் ஏர்கோனைப் போட்டேன். ரேடியோவைப் போட்டேன். எதுவும் மங்கவில்லை, எதுவும் ஊளையிடவில்லை. முன்னால் வேன் நாற்பதில் போய்க்கொண்டிருந்தது. ரோடு காலி, எதிரே வண்டியே இல்லை. முந்தியிருந்தால் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கலாம். பின்னாலேயே போனேன்.